603-இல் தொடங்கும் சென்னை

சென்னைக்குத் தெற்கே உள்ள ஊரப்பாக்கத்தில் குடியிருப்பவர் முகவரி எழுதும்போது ஒரு சின்னத் தந்திரம் செய்வார். கதவு எண், தெரு, நகர் என்று வரிசையாக எழுதிவிட்டுக் கடைசி வரியில் 'சென்னை – 603 210' என்று முடிப்பார். சென்னையின் அஞ்சல் குறியீடு 600 என்று தொடங்கும் என்பது அவருக்கும் தெரியும், பொட்டலம் கொண்டுவரும் பையனுக்கும் தெரியும். வண்டலூர் 600 048. அதைத் தாண்டினால் ஊரப்பாக்கம் 603 210, கூடுவாஞ்சேரி 603 202, மறைமலைநகர் 603 209. அஞ்சல் துறை அங்கே ஒரு கோடு கிழித்துவிட்டது. மனை விற்றவர் எந்தக் கோட்டையும் கிழிக்கவில்லை. அவருடைய விளம்பரத்தில் செங்கல்பட்டு வரைக்கும் சென்னைதான்.

புறநகர் வாழ்க்கை என்றதும் எல்லோரும் தூரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், மாலையில் எத்தனை மணிக்கு வீடு சேரலாம் என்ற கணக்கு. தூரம் ஒரு சிரமம்தான், மறுக்கவில்லை. ஆனால் வண்டலூருக்குத் தெற்கே வாழ்வதன் உண்மையான சிக்கல் வரிசை. ஓர் ஊர் உருவாகும்போது சாலை முதலில் வர வேண்டும், பிறகு வடிகால், பிறகு குடிநீர், அதன்பிறகு வீடுகள். ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் (இங்கே ஜி.எஸ்.டி. என்றால் வரி அல்ல, 'கிராண்ட் சதர்ன் டிரங்க்' என்ற சாலை) இது அப்படியே தலைகீழாக நடந்திருக்கிறது. முதலில் வீடு வந்தது. பிறகு ஆழ்துளைக் கிணறு. பிறகு மின்கம்பம், ஜல்லி கொட்டிய தெரு, தார் போட்ட தெரு. வடிகால் கடைசி. பல தெருக்களில் அது இன்னும் வந்து சேரவில்லை.

தாம்பரம் வரைக்கும் கதை வேறு. 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்த 29 கிலோமீட்டர் தடத்தில் ஊர்கள் வளர்ந்ததற்கு ஒவ்வோர் இடத்திலும் கைகாட்டக்கூடிய ஒரு காரணம் இருந்தது. குரோம்பேட்டைக்குக் குரோம் தோல் தொழிற்சாலை. ஊர்ப்பெயரிலேயே அது இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்துக்குக் காசநோய் மருத்துவமனை. கிழக்குத் தாம்பரத்துக்கு 1937-இல் நகரத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த கிறித்தவக் கல்லூரி. வேலையோ படிப்போ சிகிச்சையோ ஏதோ ஒன்று முதலில் வந்து அமர்ந்தது. மக்கள் பின்னால் வந்தார்கள். தாம்பரத்துக்குத் தெற்கே குடியேறியவர்களை இழுத்துவந்தது வேறொன்று: சதுர அடி விலை. நகரத்தில் வாடகை கொடுத்துக்கொண்டிருந்த குமாஸ்தாவும் ஆசிரியையும் ஓய்வுபெறப் போகும் வங்கி ஊழியரும், வருங்கால வைப்புநிதியைப் போட்டு வாங்கக்கூடிய அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) எங்கே கிடைக்கிறது என்று பார்த்தார்கள். ரயில் நிற்கும் இடங்களில் கிடைத்தது.

அந்த அரை கிரவுண்டு எப்படி உருவானது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒரு விவசாயியிடம் மூன்று ஏக்கர். அதை வாங்கிய தரகர் நடுவில் ஒரு தெருவும் இரண்டு குறுக்குத் தெருக்களும் போட்டு, கல் நட்டு, வாசலில் வளைவு வைத்து, ஒரு நகர் பெயரைச் சூட்டுகிறார். பக்கத்து வயலை வாங்கியவர் வேறொருவர்; அவருடைய தெரு வேறு திசையில் போகிறது. இரண்டு நகர்களுக்கும் நடுவில் வரப்பு இருந்த இடத்தில் இப்போது மதில். அதனால்தான் இந்தப் பகுதிகளில் பாதித் தெருக்கள் முட்டுச் சந்துகள். வரைபடத்தில் ஐம்பது அடி தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு அரை கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும். ஊரைப் பார்த்து யாரும் திட்டமிடவில்லை. வயல் வயலாகத் திட்டமிட்டார்கள்.

அனுமதியும் அப்படித்தான். பல ஆண்டுகள் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற ஒன்றைக் காட்டி மனைகள் விற்கப்பட்டன. ஊராட்சித் தலைவருக்கு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் சட்டப்படி கிடையாது. நகர் ஊரமைப்பு இயக்ககமோ சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோதான் அதைச் செய்ய முடியும். ஆனால் பத்திரப்பதிவு அலுவலகம் அதைக் கேட்கவில்லை. முத்திரைத்தாள் சரியாக இருந்தால் பதிந்துகொடுத்தது. பதிவானதே அங்கீகாரம் என்று வாங்கியவர்கள் நம்பினார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோதுதான் பலருக்குத் தங்கள் கையில் இருப்பது என்ன என்று தெரிந்தது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த மனை திடீரென்று விற்க முடியாத மனை ஆனது. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்குக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்றது. காகிதம் ஒழுங்காயிற்று. தெருவின் அகலம் அப்படியேதான் இருக்கிறது.

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலைகள் போக உள்ள பரப்பில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஒதுக்க வேண்டியதில்லை. இடைப்பட்ட அளவுக்கு நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம். இப்போது யோசித்துப் பாருங்கள்: முக்கால் ஏக்கருக்குக் குறைவான பத்து மனைப்பிரிவுகள் அடுத்தடுத்து வந்தால், நூற்றைம்பது வீடுகளுக்கு ஒரு பூங்கா இல்லை, ஒரு விளையாட்டுத் திடல் இல்லை. இதில் விதியை யாரும் மீறவில்லை. பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பந்து விழுந்த வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார்.

திட்டமிட்ட ஊரும் உண்டு

இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்த ஓர் ஊர் இதே தடத்தில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1970-களின் நடுவில் வந்த சென்னையின் முதல் பெருந்திட்டம், நகரத்தின் நெரிசலைக் குறைக்க மூன்று ரயில் தடங்களில் மூன்று துணை நகரங்களைச் சொன்னது: வடக்கே கும்மிடிப்பூண்டி, மேற்கே திருவள்ளூர், தெற்கே மறைமலைநகர். இவற்றில் மறைமலைநகரைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமே நிலம் எடுத்து 1980 வாக்கில் உருவாக்கத் தொடங்கியது. அப்போது குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். மறைமலைநகர் அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. தன் எல்லைக்கு வெளியே போய் ஓர் ஊரைக் கட்டியது குழுமம்.

பெயரும் பொருத்தமானதுதான். மறைமலை அடிகள் 1911-இல் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டுப் பல்லாவரத்தில் குடியேறியவர். அந்தக் காலத்தில் பல்லாவரம் நகரத்திலிருந்து நன்றாகவே ஒதுங்கிய ஊர். ஆக, அவரும் ஒரு புறநகர்வாசி.

மறைமலைநகரில் அகலமான சாலைகள் முதலில் வந்தன. குடியிருப்பு, தொழிற்பேட்டை, பள்ளி, கடைத்தெரு எல்லாம் தனித்தனியே பிரிக்கப்பட்டன. குடியிருப்புப் பகுதிகளுக்கு என்.எச்.1, என்.எச்.2 என்று எண். புதிதாக வருகிறவர்கள் தேசிய நெடுஞ்சாலை என்று நினைத்துக் குழம்புவார்கள். அது 'நெய்பர்ஹுட்' என்பதன் சுருக்கம். தமிழைத் தூய்மைப்படுத்தப் பாடுபட்டவர் பெயரில் அமைந்த ஊரில் இப்படியொரு சுருக்கம் நிலைத்துவிட்டதை என்ன சொல்வது!

எல்லாம் இருந்தும் மக்கள் எளிதில் வரவில்லை. நெடுங்காலம் மறைமலைநகர் என்றால் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் அகலச் சாலையும் நடுநடுவே புதர் மண்டிய மனைகளும்தான். 1990-களின் இறுதியில் ஃபோர்டு தொழிற்சாலை வந்தது, உதிரிபாகத் தொழிற்சாலைகள் வந்தன, பக்கத்தில் 2002-இல் மகிந்திரா வேர்ல்டு சிட்டி வந்தது. அதன்பிறகும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை ஏறக்குறைய 82,000. அதே காலத்தில் வழியில் இருந்த ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூரில் வடிகால் இல்லாத மனைகள் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தன.

ஏன்? மறைமலைநகர் தாம்பரத்தைவிட ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. வீடு வாங்கிய குடும்பங்களின் பிழைப்போ பாரிமுனையிலும் கிண்டியிலும் இருந்தது. துணை நகரம் என்ற எண்ணமே, மக்கள் அங்கேயே வேலை செய்து அங்கேயே வாழ்வார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. தொழிற்சாலையில் வேலை கிடைத்தவர்களில் பலர் கம்பெனிப் பேருந்தில் வந்து கம்பெனிப் பேருந்தில் திரும்பினார்கள். சில்லறைக் கடையும் நல்ல பள்ளியும் மருத்துவமனையும் கூட்டம் இருந்தால்தான் வரும். கூட்டமோ அவை வந்தால்தான் வருவேன் என்றது. இன்னொன்றும் உண்டு. மனை தரகருக்கு ஒரு திறமை இருந்தது. எந்த அரசுத் துறைக்கும் அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை இலவச வேன் விட்டு, மதியச் சாப்பாடு போட்டு, முன்பணம் ஐயாயிரம் போதும் என்று சொல்லத் தெரிந்தவர் அவர்.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, மறுவருடம் மறைமலைநகர் ஆலையை மூடியபோது, ஒரு பெரிய ஆலையை நம்பிய ஊரின் பலவீனமும் தெரிந்தது. ஆனாலும் அந்த ஊரின் சாலைகளை ஒரு மழைநாளில் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் மற்ற ஊர்களின் உள்தெருக்களையும் பார்க்கச் சொல்வேன். முதலில் சாலையைப் போட்ட ஊருக்கும் முதலில் மனையை விற்ற ஊருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேறு கட்டுரை தேவையில்லை.

ஏரிக்குக் கீழே

செங்கல்பட்டு வட்டாரத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். பெரிய ஆறு எதுவும் வற்றாமல் ஓடாத நாட்டில், வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதத் தண்ணீரை ஆண்டு முழுதும் வைத்துக்கொள்ளக் கட்டப்பட்டவை அவை. ஒவ்வோர் ஏரிக்கும் கரை, மதகு, கலங்கல் உண்டு. மதகு வழியாகப் போகும் தண்ணீர் பாசனத்துக்கு. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, போக்குக் கால்வாயில் ஓடி, அடுத்த ஏரிக்குப் போகும். ஒன்று நிரம்பி இன்னொன்றுக்கு, அது நிரம்பி மற்றொன்றுக்கு. நந்திவரம் ஏரியின் உபரிநீர் ஊரப்பாக்கம், ஆதனூர்ப் பக்கமாக வந்து அடையாற்றில் சேர்கிறது. கடலோரத்தில் அகன்று படுத்திருக்கும் அடையாறு ஆதனூர்ப் பக்கம் ஒரு பெரிய வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும்.

ஏரிநீர் பாயும் வயல்பரப்புக்கு ஆயக்கட்டு என்று பெயர். ஏரிக்கரைக்குக் கீழே, தண்ணீர் தானாகப் பாய்ந்து வரும்படி தாழ்ந்து கிடக்கும் நிலம் அது. மோட்டார் இல்லாத காலத்தில் விவசாயம் நடந்ததே அந்தத் தாழ்வினால்தான். இப்போது அந்த நஞ்சை நிலங்கள்தான் நகர்களாகியிருக்கின்றன. தண்ணீர் எளிதாக வர வேண்டும் என்றே நூற்றாண்டுகளாகச் சமன்செய்து வைத்த இடத்தில் வீடு கட்டிவிட்டு, தண்ணீர் வந்துவிட்டது என்று புலம்புகிறோம். போக்குக் கால்வாய்களோ மனைப்பிரிவு வரைபடங்களில் இருபதடித் தெருக்களாகவும் ஆறடிச் சாக்கடைகளாகவும் சுருங்கிவிட்டன.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அந்த நாட்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் செம்பரம்பாக்கம் ஏரித் திறப்பையே பேசுவார்கள். கோட்டூர்புரத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் அது பொருந்தும். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மூழ்கியவர்கள் செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் சேரும் இடத்துக்கு மேலே இருந்தவர்கள். அவர்களை மூழ்கடித்தது அவர்கள் ஊர் ஏரிகளின் உபரிநீர். போகவேண்டிய வழியில் வீடுகள் இருந்ததால் அது வீடுகளின் வழியாகவே போனது. முதல் மாடியிலிருந்து படகில் இறங்கியவர்கள் பலர், தங்கள் தெருவுக்குக் கீழே ஒரு கால்வாய் இருந்ததையே அன்றுதான் அறிந்தார்கள்.

மனை பார்க்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் பார்ப்பார்கள். வாஸ்து பார்க்காதவர்கள் குறைவு. அந்தச் சர்வே எண் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் நஞ்சையா புஞ்சையா, நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தில் பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறதா, அருகிலுள்ள ஏரியின் கலங்கல் எந்தத் திசையில் இருக்கிறது – இந்த மூன்றையும் கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்டால் தரகருக்குக் கோபம் வரும். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்ப் பெரியவருக்கு வராது. "இங்கதான் நாத்து விட்டோம்" என்று கையால் காட்டிவிடுவார்.

வெள்ளத்துக்கு ஒரு புறநகர் வைத்தியமும் இருக்கிறது. சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டதில் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. புதிதாக வீடு கட்டுகிறவர் தெருவைவிட நான்கடி உயர்த்திக் கட்டுகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டியவரின் வாசல் பள்ளமாகிவிடுகிறது. அவர் ஜாக்கி வைத்துத் தூக்கும் ஆட்களைக் கூப்பிடுகிறார். முழு வீட்டையும் அடித்தளத்திலிருந்து பிரித்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளால் அங்குலம் அங்குலமாகத் தூக்கி, அடியில் செங்கல் வைத்துக் கட்டிவிடுகிறார்கள். இப்போது அடுத்த வீட்டுக்காரர் பள்ளத்தில் இருக்கிறார்.

நவம்பரில் இப்படி என்றால், மே மாதத்தில் அதே தெருவில் தண்ணீர் லாரி நிற்கும். முரண் போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒன்றேதான். ஏரி இருந்தால் மழைநீர் தங்கும், நிலத்தடி ஊறும். ஏரி சுருங்கினால் மழையில் வெள்ளம், கோடையில் வறட்சி. தாம்பரம், பல்லாவரம் பக்கம் பாலாற்றுப் படுகையிலிருந்து குழாய்நீர் வருகிறது. ஊராட்சிகளில் கிணறும் ஆழ்துளைக் குழாயும் மேல்நிலைத் தொட்டியும்தான் ஆதாரம். குளிக்க உப்புத்தண்ணீர், குடிக்க இருபது லிட்டர் கேன். 2019 கோடையில் நகரத்துக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது, புறநகரின் விவசாயக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் நகரத்துக்குப் போனது. நகரத்தின் குழாய் புறநகருக்கு வரவில்லை; புறநகரின் கிணறு நகரத்துக்குப் போயிற்று.

இந்தத் தெரு யாருடையது?

மழைக்குப் பிறகு தெருவில் நிற்கும் தண்ணீரை வெளியேற்ற யாரிடம் சொல்வது? தெரு ஊராட்சியுடையது. தெரு சென்று சேரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. அதன் சிறுபாலம் அடைத்திருந்தால் ஊராட்சி தொட முடியாது. ஏரியின் ஆயக்கட்டு நாற்பது ஹெக்டேருக்கு மேல் என்றால் அது நீர்வளத் துறையுடையது, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறை அளந்து சொல்ல வேண்டும். தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியாது என்பதால் அது எல்லாத் துறைகளின் நிலத்திலும் நிற்கிறது.

ஊராட்சி என்ற அமைப்பு இரண்டாயிரம் மூவாயிரம் பேர் வாழும் கிராமத்துக்காக உருவானது. ஒரு தலைவர், ஒரு செயலர், மேல்நிலைத் தொட்டியை இயக்க ஓரிருவர், சில தூய்மைக் காவலர்கள். அதே அமைப்பிடம் அடுக்குமாடிகளும் பொறியியல் கல்லூரி விடுதிகளும் நிறைந்த பல்லாயிரம் பேரின் ஊரை ஒப்படைத்தால் என்ன ஆகும்? குப்பை ஏரிக்கரைக்குப் போகும். பாதாளச் சாக்கடை பற்றிய பேச்சே எழாது. வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி, அது நிரம்பினால் லாரி. அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் எல்லா ஊராட்சிகளையும் நகராட்சியாக்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். 2011-இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளை விழுங்கி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது, கூடுவாஞ்சேரி நகராட்சியானது. ஆனால் கிராமத்து ஆட்களிடம் கேட்டால் வேறு கணக்கு சொல்வார்கள். நகராட்சியானால் வீட்டு வரி உயரும், நூறு நாள் வேலை போய்விடும். அடுக்குமாடியில் இருப்பவருக்கு நூறு நாள் வேலை என்பது செய்தித்தாளில் படிக்கும் விஷயம். இரண்டு தெரு தள்ளி, நிலத்தை விற்ற காசு எப்போதோ கரைந்துபோன கூலிக் குடும்பத்துக்கு அது அரிசி. ஒரே ஊருக்குள் இப்படி இரண்டு ஊர்கள் இருக்கின்றன. தரம் உயர்த்தும் கோரிக்கையும் அதற்கு எதிர்ப்பும் ஒரே ஊராட்சியிலிருந்து எழுவதற்குக் காரணம் இதுதான். எதிர்ப்பவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிற குடியேறிகள், அந்தக் குடும்பங்களின் வயலில்தான் தங்கள் வரவேற்பறை இருக்கிறது என்பதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

இதற்கு நடுவில் 2022 தொடக்கத்தில் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகமும் வந்தது. ஆக, வண்டலூரைத் தாண்டி வாழ்பவர் திருட்டுப் புகார் கொடுக்கையில் மாநகரவாசி, தெருவிளக்குக்குப் புகார் கொடுக்கையில் கிராமவாசி.

தாம்பரமா, செங்கல்பட்டா

மாலையில் எழும்பூரிலோ மாம்பலத்திலோ நடைமேடையில் நின்றால் வண்டி வந்ததும் ஒரு கேள்வி காதில் விழும்: "தாம்பரமா, செங்கல்பட்டா?" தாம்பரம் வண்டிகள் அடிக்கடி உண்டு. செங்கல்பட்டு வரை போகிறவை அதைவிடக் குறைவு. ஊரப்பாக்கத்துக்காரரின் மாலை, இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. தாம்பரம் வண்டியானால் அங்கே இறங்கி, ஜி.எஸ்.டி. சாலைக்கு நடந்து, பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடித்து, மீதித் தூரத்தைக் கடக்க வேண்டும். வீட்டு விளம்பரத்தில் 'ரயில் நிலையம் ஐந்து நிமிடம்' என்று இருக்கும். வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று எந்த விளம்பரமும் சொல்லாது.

வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே உள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் இதே பாடத்தைப் பெரிய அளவில் சொன்னது. ஏறக்குறைய 88 ஏக்கரில், 393 கோடி ரூபாய்ச் செலவில் கட்டப்பட்டு 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் தென் மாவட்டப் பேருந்துகளும் ஆம்னி பேருந்துகளும் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாற்றப்பட்டன. திறந்த அன்று முனையத்தை ஒட்டி ரயில் நிலையம் இல்லை, மெட்ரோவும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கியவர் மாதவரம் போக மறுபடி ஒரு பயணம் செய்ய வேண்டியிருந்தது. கோயம்பேடும் அப்படித்தான் தொடங்கியது: முனையம் 2002-இல், மெட்ரோ 2015-இல். நகரத்தவர்கள் கொதித்தார்கள். ஊரப்பாக்கத்திலோ அந்த வாரம் வேறு மனநிலை. முதல் முறையாக நகரம் தங்களைத் தேடி வந்திருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும் நகரத்தின் நெரிசலில் பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டு, அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு நான்கு மணி நேரத்தில் வந்தவர்கள் அவர்கள். சொந்த ஊர்ப் பேருந்தை இப்போது அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து ஏறலாம். வீட்டு வாடகையும் அதைத் தெரிந்துகொண்டது என்பது வேறு விஷயம்.

மதிலுக்குள்

இத்தனையையும் பார்த்துவிட்டு, வசதி உள்ளவர்கள் கண்டுகொண்ட வழிதான் மதில் சூழ்ந்த டவுன்ஷிப். ஐந்நூறு வீடுகள், ஒரே வாசல், காவலர், ஜெனரேட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், நீச்சல் குளம். கூர்ந்து பார்த்தால் அது ஒரு தனியார் நகராட்சி. குடியிருப்போர் சங்கம் அதன் மன்றம், சதுர அடிக்கு இத்தனை ரூபாய் பராமரிப்புக் கட்டணம் அதன் வரி. மாதக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தையும் தாண்டினால், அதற்கும் ஜி.எஸ்.டி. உண்டு; இந்த முறை சாலை அல்ல, வரி. கட்டுநர் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போன பிறகுதான், சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்ட மாதம் எவ்வளவு ஆகும் என்பதும் வீடு வாங்கும்போதே எல்லோரிடமும் வசூலித்த மூலநிதி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் தெரியவரும். சங்கத் தேர்தல் சட்டமன்றத் தேர்தலைவிடச் சூடாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே உண்மையிலேயே ஏதோ ஒன்று முடிவாகிறது.

மதிலுக்குள் வரிசை சரியாக இருக்கிறது: சாலை, வடிகால், பிறகு வீடு. ஆனால் உள்ளே வரும் தண்ணீர் லாரி வெளியே இருக்கும் கிணற்றிலிருந்துதான் வருகிறது. உள்ளேயிருந்து போகும் மழைநீர் வெளியே இருக்கும் தெருவுக்குத்தான் போகிறது. வாகன நிறுத்தத்துக்காக மண்ணடித்து உயர்த்திய பெரிய வளாகத்துக்குப் பக்கத்தில், அதற்கு முன்பே கட்டிய தனி வீட்டில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வளாகவாசிகள் பலருக்குத் தெரியாத ஒன்று: ஊராட்சி எல்லைக்குள் வாக்காளராக இருக்கும் ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கூட்டங்கள் 2022 முதல் ஆறாகிவிட்டன. மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்துகொண்டன. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை அங்கே வாசிக்க வேண்டும். யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். கோயில் திடலிலோ பள்ளி வளாகத்திலோ பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் நடக்கும் அந்தக் கூட்டத்தில் ஐந்நூறு வீட்டு வளாகத்திலிருந்து நாலு பேர் வந்தால் அதிகம். மற்றவர்கள் அன்று விடுமுறை என்று மகாபலிபுரம் போயிருப்பார்கள்.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரத்தின் திட்ட எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக அரசு விரித்தது. மறைமலைநகர் இப்போது உள்ளே. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களைக் கடந்து ராணிப்பேட்டை மாவட்டத்தின் கிராமங்கள் சிலவும் உள்ளே. அங்கெல்லாம் இன்னும் நாற்று நடுகிறார்கள், ஏரிகளில் மதகு திறக்கிறார்கள். மனைக் கற்கள் நடப்படுவதற்கு முன்பே திட்ட எல்லை வந்திருப்பது இந்த வட்டாரத்தில் அனேகமாக இதுவே முதல் முறை. அந்தப் பக்கத்து அஞ்சல் குறியீடுகள் 631 என்று தொடங்குகின்றன.